எழுபத்துநாலாவது மீட்டரில் கோல்போஸ்ட்

"இது என்னவாக்கும் அபினா? நாலு பெருவிரலும் ஒரு தென்னை மரமுமா?"

ஞானசிங் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே குனிந்தார். திரையில் ஐந்து பட்டைகள் நின்றன. ஐந்து கடற்கரை ஊர்கள். இரண்டாயிரத்து நாலில் அந்தப் பேரலை வந்துபோன பிறகு, இந்த ஒன்பது ஆண்டுகளில் கடல் ஒவ்வொரு ஊருக்குள்ளும் எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது என்று சொல்லும் பட்டைகள். நான்கு ஊர்கள் நாலு, ஆறு, ஒன்பது, பதினொன்று என்று தரையோடு ஒட்டிக் கிடக்க, ஐந்தாவது மட்டும் எழுபத்துநாலில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"தென்னை மரம் இல்ல சார். மிக்கேல்துறை."

"உன் ஊரு."

"எங்க ஊருதான். அதுக்காக நான் அளவுநாடாவை இழுத்துப் பிடிக்கல்ல. நம்ம ஆய்வுல உள்ள பெனிஷும் கூட நின்னு அளந்தான். வானத்துல இருந்து எடுத்த படமும் அதையேதான் சொல்லுது."

"உன்ன ஆரு மக்கா சந்தேகப்பட்டா? நான் படத்தப் பத்திப் பேசுகேன். வாற வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். இந்தப் படத்தப் போட்டா மத்த நாலு ஊருக்காரனும் நம்மள வழிமறிப்பான். 'எங்க ஊருல கடலு வரவே இல்லன்னு சொல்லுதியளா'ன்னு கேப்பான்."

"வந்திருக்குன்னுதானே சார் போட்டிருக்கு. நாலு மீட்டரு வந்தா நாலு மீட்டரு."

சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் ஏதோ ஒன்றை விழுங்கச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். அபினாவுக்கு அது தெரியும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் நடக்கும் இந்தக் கடலோர ஆய்வில் அவள் உதவியாளராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஒன்றும் அந்த அறையில் கிடையாது. சும்மா கிடைக்கிற 'ஆர்' மட்டும்தான். அதைத் தட்டத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான். சாருக்கு அரைகுறையாக வரும்.

"ஆர்ல அச்ச வெட்டலாம், தெரியுமா?" என்றார் சார். "நெடுக்க நிக்குத அச்சு இருக்கில்லியா, அதுல ஒரு பகுதிய எடுத்துட்டு, அந்த இடத்துல சரிஞ்ச கோடு ரெண்டு போட்டிரும். பெரிய பட்டையும் அடங்கும், சின்னதுகளும் கண்ணுக்குத் தெரியும். பதினஞ்சுக்கும் அறுபத்தஞ்சுக்கும் நடுவுல வெட்டிரு. அழகா வரும்."

"அம்பது மீட்டரு சார்."

"என்னது?"

"வெட்டச் சொன்னிய இல்லியா. அம்பது மீட்டரு."

"காயிதத்துல மக்கா. கடல்ல இல்ல. படிக்குதவனுக்கு அந்தச் சரிஞ்ச கோட்டப் பாத்தா இங்க வெட்டியிருக்குன்னு புரியும்."

"படிக்குதவனுக்குப் புரியும் சார். பாக்குதவனுக்கு?"

கேட்டபோதே அவளுக்கு விளங்கியது. வியாழக்கிழமை வருகிறவர்களில் யாரும் படிக்கப்போவதில்லை, பார்க்கத்தான் போகிறார்கள். ஐந்தில் பெரிய ஊரான பெரியதுறையில் ஏற்கெனவே ஒரு தூண்டில் வளைவு இருக்கிறது. தூண்டில் முள்போல வளைந்து கடலுக்குள் நீளும் கல்சுவர் அது. அதைக் கட்டிய பிறகு அங்கே மணல் சேர்ந்தது. பக்கத்தில் இருக்கிற மிக்கேல்துறையில் மணல் போனது. இப்போது அதே பெரியதுறைச் சுவரை இன்னும் நீட்டலாம் என்று ஓர் அரசுப் பரிந்துரை தயாராகக் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது. 'ஐந்து ஊர்களுக்கும் ஏறக்குறைய ஒரேபோல் பாதிப்பு, ஆகையால் பெரிய ஊருக்கு முன்னுரிமை' என்பது அதன் சாரம். அந்தச் சாரத்துக்கு ஒரு படம் மட்டும்தான் குறை.

சுவர் இன்னும் நீண்டால் மிக்கேல்துறையில் மீதியிருக்கிற மணலும் போகும். அது சாருக்கும் தெரியும்.

"யோசிச்சுச் செய்யி," என்று எழுந்தார் அவர். "அடுத்த திட்டமும் இந்த சர்க்காருகிட்ட இருந்துதான் வரணும்."

*

படத்தை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள் அபினா. சுசீந்திரத்தில் தேர்த்திருவிழா முடிந்து தேரின் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்ததால் பேருந்து நின்று நின்று போயிற்று. இரண்டு பக்கமும் வயல் பச்சையாகக் கிடந்தது. அவள் தாளைப் பார்த்தபடியே இருந்தாள். பதினைந்து, அறுபத்தைந்து. பேனாவை எடுத்து அந்த இரண்டு இடத்திலும் கோடு கிழித்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் சாம்பல் நிறப் பட்டை. இதை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

வீட்டு முற்றத்தில் அம்மை வியாகுலம்மாள் மீன் சுமக்கும் ஓலைக் கடவத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லபாய் அக்கா சுவரில் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மொகத்துல என்ன? ஆரு செத்தா?" என்றாள் செல்லபாய்.

"ஆரும் சாகல்ல. படம் ஒண்ணு போட்டேன். நல்லா இல்லயாம்."

"காட்டு பாப்போம்."

செல்லபாய் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அபினா நேராக்கிக் கொடுத்தாள்.

"இதுல நம்ம ஊரு எது?"

"அன்னா அந்த ஒசரமானது."

"அடி ஆத்தே. நம்ம ஊருக்கு இம்புட்டு ஒசரமா?" செல்லபாய் சிரித்தாள். "ஒருத்தரும் நம்மள ஏறிட்டுப் பாக்க மாட்டான், படத்துலயாவது ஒசந்து நிக்கோமே."

"அக்கா, அது கடலு வந்த தூரம்."

சிரிப்பு நின்றது. "அப்போ இன்னா இந்த நாப்பதுன்னு போட்டிருக்கே, அது எங்கவாக்கும்? குருசடி பக்கமா?"

"குருசடி நாப்பத்தாறு."

"பின்ன ஏன் நாப்பதுன்னு எழுதின?"

"நான் எழுதல்ல. நாம ஒண்ணும் சொல்லாட்டா அதுவே இருபது, நாப்பது, அறுபதுன்னு போட்டுக்கிடும்."

"கொள்ளாமே," என்றாள் வியாகுலம்மாள் கடவத்தை உதறியபடி. "நாம சொல்லாட்டா அவனவன் தோணினதப் போட்டுட்டுப் போவான். அது உன் பெட்டிக்கும் தெரிஞ்சிருக்கு பாரு."

அபினா தாளை வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். நாலே எட்டில் திடல் வந்துவிட்டது. சாயங்கால வெயிலில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். மிக்கேல்துறையில் பந்தாட்டம் என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். ஒரு பக்கம்தான் கோல்போஸ்ட். இன்னொன்று அலைக்குள் கால் நனைய நிற்கிறது; அதன் குறுக்குக் கம்பியில் நாரை உட்காரும். இரண்டு அணியும் ஒரே கோலுக்குத்தான் அடிக்க வேண்டும். அதற்கென்று அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்து அடித்தால்தான் கணக்கு.

அலைக்குள் நின்ற கம்பியைப் பார்த்தாள் அபினா. அதன் அடியில் இப்போது அலை தொடுகிற இடம்தான் எழுபத்துநாலு. அங்கே நின்று அளவுநாடாவைப் பிடித்தவள் அவள்தான். அதற்கு அப்பால், தண்ணீருக்குள், கிணறு. அதற்கும் அப்பால், கற்குருசு நட்டிருந்த குருசடி. பிறகு ஏலக்கூடம். பிறகு கரமடி இழுக்கிற மணல். ஐம்பது பேர் இரண்டு பக்கமும் வடம் பிடித்து வலையைக் கரைக்கு இழுத்த இடம். ஐம்பத்தெட்டு, நாற்பத்தாறு, முப்பத்தொன்று, பதினேழு.

அவள் தாளைத் திரும்பவும் பார்த்தாள். பேனாவால் கிழித்த இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் அத்தனையும் கிடந்தன.

"சண்டாளம்," என்றாள் வாய்விட்டு. "அந்த அம்பதுக்குள்ளயாக்கும் ஊரே இருக்கு."

*

மறுநாள் அவள் அச்சில் தானாக வரும் எண்களை வர வேண்டாம் என்று நிறுத்தினாள். ஆரில் அதற்கு வழி இருக்கிறது. எந்தெந்த இடத்தில் கோடு என்று ஒரு வரிசை கொடுக்க வேண்டும். அந்தந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று இன்னொரு வரிசை. இருபது, நாற்பது என்று சமதூரத்தில் வர வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. சுழியில் பழைய கரை. பதினேழில் கரமடி மணல். முப்பத்தொன்றில் ஏலக்கூடம். நாற்பத்தாறில் குருசடி. ஐம்பத்தெட்டில் கிணறு. எழுபத்துநாலில் கோல்போஸ்ட்.

தொண்ணூறிலும் ஒரு கோடு கொடுத்தாள். அதற்குப் பெயர் எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டு என்டர் தட்டினாள்.

சிவப்பு எழுத்தில் ஆர் திட்டியது. கோடுகளின் எண்ணிக்கையும் பெயர்களின் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லையாம். கோடு போட்டால் பேர் சொல், இல்லாவிட்டால் கோட்டை எடு என்று அதற்குப் பிடிவாதம்.

கோட்டை எடுக்க அவளுக்கு மனசில்லை. 'கல்லறைத்தோட்டம்' என்று எழுதினாள்.

இந்தத் தடவை படம் வந்தது. ஆனால் பெயர்கள் வர வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள். தமிழ் எழுத்து அதன் வாய்க்குள் நுழையவில்லை. எழுத்துருவை மாற்றினாள், படத்தைச் சேமிக்கிற விதத்தை மாற்றினாள். கொம்பு ஓரிடத்திலும் எழுத்து இன்னோரிடத்திலுமாகக் கோல்போஸ்ட் சிதறிக் கிடந்தது. மூலையில் ஒருத்தரும் தொடாத லினக்ஸ் கணினி ஒன்று தூசி படிந்து கிடந்தது; மத்தியானத்துக்குள் அதைத் துடைத்து உயிர்ப்பித்து, அதில் ஓட்டினாள். கோல்போஸ்ட் முழுசாக எழுந்து நின்றது. ஓரம் போதாமல் கல்லறைத்தோட்டத்தின் பாதி வெட்டுப்பட்டது. இடது ஓரத்தை அகலமாக்கினாள். எல்லாம் உள்ளே வந்தன.

"சார், கொஞ்சம் வாருங்க."

ஞானசிங் சார் வந்து பார்த்தார்.

"வெட்டல்லியா?"

"வெட்டல்ல."

"இது ஆய்வறிக்கையா, ஊர்த் திருவிழா நோட்டீஸா?"

"எல்லாம் அளந்ததாக்கும் சார். ஒண்ணுகூட நெனச்சு எழுதினதில்ல."

"அளவு கெடக்கட்டும். அச்சுல எண்ணுதான் வரும். கிணறும் கோல்போஸ்ட்டும் வராது. உலகத்துல எங்க வந்திருக்கு?"

"உலகத்துல எங்கயும் வராட்டா இங்க வரக் கூடாதா?"

"வாயி," என்றார் சார். "உங்க கடப்புறத்து வாயி."

"குருசடின்னு போட்டிருக்கேன் பாருங்க. அந்தக் குருசு உங்க மயிலாடியில கொத்தினதாக்கும். உங்க ஊரு ஆளுவதான் வண்டியில கொண்டுவந்து நட்டாவ. அதும் இப்போ தண்ணிக்கடியில கெடக்கு. அத வெட்டவா சார் சொல்லுதிய?"

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்ததா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

"சரி. வெட்ட வேண்டாம்," என்றார் கடைசியில். "பட்டை அப்பிடியே நிக்கட்டும். ஆனா பேரு கூடாது. இந்தப் பேரோட படத்தக் கொண்டுபோனா நம்மள ஆய்வுக்காரன்னு சொல்ல மாட்டான், ஊர்ச்சங்கம்னு சொல்லுவான். இனி இதுல நீ கை வைக்காதே. கூட்டத்துக்கு உள்ளத நானே எடுத்துட்டு வாறேன்."

"சார்..."

"வியாழக்கிழம நீதான் பேசப்போற. அது போதாதா?"

*

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகளை இன்னும் கழற்றவில்லை. 'ராகேல் வெட்ஸ்' என்பது வரைக்கும் மேடைச் சுவரில் மின்னியது. மாப்பிள்ளை பெயர் உதிர்ந்து போயிருந்தது. அந்த எழுத்துக்கு அடியில் வெள்ளைத் திரையைக் கட்டியிருந்தார்கள்.

தலைமைக்கு வெளி மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி அம்மா. அவருக்குப் பக்கத்தில் பரிந்துரைக் காகிதங்களோடு பொறியாளர். ஐந்து ஊர்ச் சனமும் தனித்தனிக் கூட்டமாக உட்கார்ந்திருந்தது. மிக்கேல்துறைக்காரர்களுக்குப் பின்வரிசை. வியாகுலம்மாள் மீன் விற்றுத்தீர்ந்த கடவத்தை மடியில் வைத்துக்கொண்டு செல்லபாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். திடலில் பந்து உதைக்கிற சிஜோவும் அவன் கூட்டாளிகளும் சுவரோரம் நின்றார்கள்.

ஞானசிங் சார் மடிக்கணினியில் படத்தைத் திறந்தார். அபினா திரையைப் பார்த்தாள்.

பட்டைகள் அப்படியே இருந்தன. வெட்டு இல்லை. சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஆனால் அச்சு ஊமையாக நின்றது. பெயர் ஒன்றும் இல்லை. எண்ணும் இல்லை. பெயர் வர வேண்டும் என்று அவள் எழுதிய இடத்தில் 'வேண்டாம்' என்று மாற்றிவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விட்டிருந்தார். பெயர்கள் போய்விட்டன. அவள் போட்ட கோடுகள் மட்டும், ஒன்று கிட்டவும் ஒன்று எட்டவுமாக, வாய் மூடி நின்றன.

அபினா அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தொடங்கலாமா?" என்றார் அதிகாரி அம்மா.

பொறியாளர் முந்திக்கொண்டார். "மேடம், ஒரு நிமிஷம். இது என்ன படம்? அச்சுல எண்ணே இல்ல. கோடெல்லாம் கோணல்மாணலா இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒரே தூரமாவது இருக்க வேண்டாமா? இத வச்சு எப்படி முடிவெடுக்கிறது?"

மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ஞானசிங் சார் மேசைக்கடியில் காலைத் தேய்த்தார்.

"கேக்குறதுல நியாயம் இருக்கே," என்றார் அதிகாரி அம்மா அபினாவைப் பார்த்து. "இந்தக் கோடெல்லாம் எதைக் குறிக்குது?"

"நான் சொல்லலாம் மேடம். ஆனா அவியள்ட்டயே கேப்போமா?"

"யாருகிட்ட?"

அபினா மேடை ஓரத்தில் கிடந்த கம்பை எடுத்தாள். கல்யாணப் பந்தலில் பலூன் கட்டிய கம்பு அது. நுனியில் இன்னும் ஒரு துண்டு ஜரிகைத் தாள் ஒட்டியிருந்தது. திரையில் கீழேயிருந்து முதல் கோட்டில் கம்பை வைத்தாள்.

"இது சுழி. அலைக்கு முன்னால நம்ம கரை இருந்த இடம். மிக்கேல்துறைக்காரவிய கொஞ்சம் சொல்லுங்க. கரையில இருந்து ஊருக்குள்ள நடந்து வாறோம். பதினேழு மீட்டரு. இன்னா இந்தக் கோடு. இங்க என்ன கெடந்து?"

அபினா கம்பால் அந்தக் கோட்டை இரண்டு தடவை தட்டினாள்.

"கரமடி மணலு," என்றது பின்வரிசையில் ஒரு குரல். யாரென்று தெரியவில்லை.

"அடுத்தது? முப்பத்தொண்ணு."

"ஏலக்கூடம்!" இப்போது நாலைந்து குரல்.

"நாப்பத்தாறு?"

"குருசடி!" செல்லபாய் எழுந்தே நின்றுவிட்டாள். "அன்னா அன்னைக்கே சொன்னேனே ஏட்டி, குருசடின்னு!"

"அம்பத்தெட்டு?"

"கெணறு! நல்லதண்ணிக் கெணறு!"

"எழுவத்திநாலு?"

"கோல்போஸ்ட்!" சுவரோரம் நின்ற பையன்கள் மண்டபம் அதிரக் கத்தினார்கள். சிஜோ அதோடு விடவில்லை. "எங்களுக்கு ஒரு கோல்தான் மேடம்! இன்னொண்ணுல நாரை கீப்பர் நிக்குது!"

மற்ற ஊர்க்காரர்கள்கூட வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் இது அந்த முதல் சிரிப்பு இல்லை. பொறியாளர் காகிதத்தைத் தட்டினார்.

"மேடம், இதென்ன, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி? இது தொழில்நுட்பக் கூட்டம்."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் அதிகாரி அம்மா. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. "கோடு ஏன் கோணல்னு கேட்டீங்க. பதில் வந்துட்டு இருக்கு." பிறகு அபினாவிடம், "பட்டை எழுபத்துநாலோட நின்னுடுது. மேல இன்னொரு கோடு இருக்கே. அது என்ன?"

அபினா கம்பைத் தொண்ணூறுக்கு உயர்த்தினாள். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. பையன்கள் தரையைப் பார்த்தார்கள். கேட்டிருக்க வேண்டாமோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

வியாகுலம்மாள் கடவத்தைச் செல்லபாயின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"கல்லறைத்தோட்டம்," என்றாள்.

"அது... அதுவும் போயிடுச்சா அம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"இன்னும் போகல்ல."

"அப்போ அதை எதுக்குப் படத்துல..."

"போன பொறவு வந்து பாப்பியளா தாயீ? அலையில செத்தவியள அங்கதான் அடக்கியிருக்கு. ஒரு தடவ கடலு கொண்டுபோயி, நாங்க தேடி எடுத்துக் கொண்டுவந்து அடக்குனவியளாக்கும். பெரியதுறைக்காரன்மேல எங்களுக்கு வருத்தம் இல்ல, அவனும் கடல்லதான் போறான். ஆனா அங்க செவர நீட்டினா இங்க மண்ணு போவும். அவிய திரும்பவும் கடலுக்குப் போவாவ. அத எந்தக் காயிதத்துல எழுதி வச்சிருக்கிய? அந்த சாரு கையில இருக்குதுல இருக்கா?"

பொறியாளர் கையிலிருந்த காகிதத்தைத் தம்மையறியாமல் கவிழ்த்து வைத்தார்.

பெரியதுறைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ முணுமுணுத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். "அவ சொல்லுகது சரிதான். கெணத்து எடத்த நானும் வள்ளத்துல போகச்ச பாத்திருக்கேன்."

அதிகாரி அம்மா எழுதுகிறவரிடம் திரும்பினார். "ஒண்ணு விடாம எழுதுங்க. கோட்டுக்குக் கோடு என்ன பேர் சொன்னாங்களோ, அதே பேர்." பொறியாளரைப் பார்த்தார். "பரிந்துரையில் இன்னைக்குக் கையெழுத்து இல்ல. முதல்ல மிக்கேல்துறையைப் பார்க்கணும். இந்தப் பொண்ணும் கூட வரட்டும்."

"மேடம், அட்டவணைப்படி..."

"கடல் அட்டவணைப்படியா வந்துச்சு?"

பின்வரிசையில் யாரோ சீட்டியடித்தார்கள். அபினா கம்பை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

*

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது ஞானசிங் சார் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வந்தியா? வரமாட்டன்னு நெனச்சேன்."

"ஏன் வராம? வரவேண்டாம்னு ஆரும் சொல்லல்லியே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்." அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "அத்தன பேருக்கு முன்னால என்னத் தலைகுனிய வச்சிட்டியே மக்கா."

"நான் ஒண்ணும் செய்யல்ல சார். நீங்க கொண்டுவந்த படத்தத்தான் காட்டினேன். பேர எடுத்தியளே, கோட்ட ஏன் விட்டிய?"

"கோட்டுக்கு வாயா இருக்குன்னு நெனச்சேன்," என்றார் சார். சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அபினா சிரிக்கவில்லை. அவள் கணினியைத் திறந்து, அவர் 'வேண்டாம்' என்று மாற்றியிருந்த வரியை அழித்தாள்.

"என்ன செய்யுத?"

"இறுதி அறிக்கைக்குப் படம் போடுகேன். பழைய கரை, கரமடி மணலு, ஏலக்கூடம், எல்லாம்."

"எண்ணு வேணும் அபினா. எண்ணு இல்லாம ஒருத்தனும் அச்சடிக்க மாட்டான். அதுல நான் வளைய மாட்டேன்."

"வளைய வேண்டாம். படத்துக்கு ரெண்டு பக்கம் இருக்கில்லியா? எடது பக்கம் எண்ணு, வலது பக்கம் பேரு. ரெண்டு அச்சு. எண்ணு தெரிஞ்சவன் அங்க பாக்கட்டும், ஊரு தெரிஞ்சவன் இங்க பாக்கட்டும்."

சார் கண்ணாடியை இறக்கி, திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் தட்டத் தட்ட வலது பக்கத்துக்கான வரிசை நீண்டது. நாற்பத்தாறில் குருசடி வந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"அது எங்க சித்தப்பா கொத்தின குருசு," என்றார். "அன்னைக்கு நீ சொன்ன பொறவு வீட்டுல கேட்டேன்."

அபினா நிமிரவில்லை. "அப்போ எழுத்து சரியா வந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"வந்திருக்கு." சற்று நேரம் கழித்து, "அந்தக் கடைசிக் கோடு மட்டும் வேண்டாம். பட்டை எழுவத்திநாலோட முடியுது. கடலு தொடாத எடத்த அச்சுல வச்சா பயம் காட்டுதான்னு சொல்லுவான்."

"அதும் அளந்ததாக்கும் சார். தொண்ணூறு மீட்டரு. கடலு எங்க வரைக்கும் வந்திருக்குன்னு காட்டப் பட்டை. எங்க வரைக்கும் வரக் கூடாதுன்னு காட்டக் கோடு."

"எடுக்க மாட்ட?"

"எடுக்க மாட்டேன். நீங்க எடுத்தாலும் கோட்டையும் சேத்து எடுங்க. பேர மட்டும் எடுத்தா என்ன ஆகும்னு பாத்தியள்லா?"

சார் தம்முடைய மேசைக்குப் போனார். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

அபினா கோடுகளை ஒருமுறை எண்ணினாள். பெயர்களை ஒருமுறை எண்ணினாள். இரண்டும் ஒத்திருந்தன. என்டர் தட்டினாள். ஆர் திட்டவில்லை.